கரண்டு போனா இன்னா பண்ணுவாங்க?

ஆரணி காந்தி ரோட்டில் ஸ்வர்ணலதா கடை போட்டபோது பலகையில் இரண்டே வரிதான் எழுதச் சொன்னாள். மேலே பெரிதாக 'ஸ்வர்ணா ஃபேன்ஸி அண்டு கிஃப்ட்ஸ்'. கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் 'சிறந்த நூல்களும் கிடைக்கும்'. வினை அந்த இரண்டாவது வரியில் இருந்தது. கடை திறந்த வாரம் முழுக்க நெசவுக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, "பாவுக்கா, ஊடைக்கா? பெங்களூர் நூலா, சைனா நூலா?" என்று தறி நூலை விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் உள்ளே வந்து அலமாரியை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாம்மா, எல்லாம் புக்கா கீது? நூலு எங்க?" என்றார். பட்டு நெய்கிற ஊரில் நூல் என்று எழுதி வைத்தால் புத்தகம் தேடியா வருவார்கள்?

வீட்டில் இரண்டு விசைத்தறி வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரர் சந்திரமோகன் மூன்று நாள் சிரித்தார். நாலாம் நாள் பெயின்டரைத் திரும்பக் கூப்பிட்டு, 'புத்தகங்களும் கிடைக்கும்' என்று மாற்றச் சொன்னாள். நூல் இருந்த இடத்தில் புத்தகம் நுழையாது, இடம் பத்தாது என்று பெயின்டர் கையை விரித்துவிட்டார். பத்து வருடமாகப் பலகையில் இருப்பது 'புக்கு கிடைக்கும்' என்பதுதான். யாராவது படித்தவர்கள் அதைப் பார்த்து உதட்டைச் சுழித்தால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும்.

கடை என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சுவர்க் கடிகாரம், பித்தளை விளக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் ராதா கிருஷ்ணன் பொம்மை, போட்டோ போட்ட டீ கப். ஒரு பக்கச் சுவர் மட்டும் புத்தகம். முகூர்த்த மாதங்களில் ஊரே கடிகாரம் வாங்கும். ஒரு கல்யாண வீட்டில் பதினேழு கடிகாரம் சேர்ந்து, பதினேழும் பதினேழு நேரம் காட்டியதை ஸ்வர்ணலதா கண்ணால் பார்த்திருக்கிறாள். அதனால் கடிகாரத்துக்குக் கை நீட்டுகிறவர்களை மெல்ல வளைத்துப் புத்தகச் சுவர்ப் பக்கம் தள்ளிவிடுவாள். "கடியாரம் ஒரு வூட்டுக்கு ஒண்ணு போதுங்க. இத பாருங்க, இது எத்தினி இருந்தாலும் ஒண்ணு போல ஒண்ணு இருக்காது."

தள்ளிவிடுவது சுலபம். எதை எடுத்துக் கொடுப்பது? அவங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால், எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "நல்ல புக்கா ஒண்ணு குடுங்க." நல்ல புக்கு என்றால் யாருக்கு நல்லது? நல்ல மாத்திரையாக ஒன்று கொடுங்கள் என்று மருந்துக்கடையில் போய் நின்றால் என்ன செய்வான்?

இதற்கான கேள்வியை அவள் தன் தெருவிலிருந்தே கண்டுபிடித்தாள். காலையில் தறி ஓட ஆரம்பித்தால் அந்தத் தெருவில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். கரண்டு போனால் தெரு பட்டென்று வாயை மூடிக்கொள்ளும், வீட்டுக்கு இரண்டு பேராவது வெளியே வருவார்கள். அப்படி ஒரு நாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தபோதுதான் அது உறைத்தது. தறி ஓடும்போது எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். நின்றுவிட்டால் ஒருத்தர் அடுத்த வீட்டு மோட்டாரைப் பிரித்துப் பார்க்கிறார், ஒருத்தர் பாட்டு முணுமுணுக்கிறார், ஒருத்தி செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், ஒருத்தர் மாநில அரசிலிருந்து மத்திய அரசு வரை ஒன்று விடாமல் திட்டுகிறார். கை ஓய்ந்திருக்கும்போது மனது எங்கே போகிறதோ அதுதான் ஆள். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் அவள் கேட்பது ஒன்றே ஒன்று: "கரண்டு போனா அவங்க இன்னா பண்ணுவாங்க?"

முதலில் விழிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள், பிறகு முகம் மலர்ந்துவிடும். அரிசி மண்டி தனசேகரன் தன் கணக்குப்பிள்ளைக்குப் பரிசு வாங்க வந்தபோது, "அந்த மனுஷனா? எங்கனா பழைய பாட்டு கேட்டுதுன்னா இது இன்ன ராகம்னு சொல்லிகினு இருப்பாரு" என்றார். ராகங்களைப் பாமரருக்குப் புரிகிற மாதிரி சொல்லும் புத்தகம் ஒன்று போனது. மறுவாரம் அந்தக் கணக்குப்பிள்ளையே கடைக்கு வந்து, ஐந்தாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது என்று அரை மணி நேரம் சந்தோஷமாகச் சண்டை போட்டுவிட்டுப் போனார். மார்க்கெட்டில் கீரை விற்கும் காத்தாயி தனக்கே ஒன்று கேட்டு வந்தாள். "எனக்கு எழுத்து தெரியாது. படம் இருந்தா குடு." கரண்டு போனால் என்ன செய்வாய் என்றதற்கு, "மேல பாத்துகினு இருப்பேன், நட்சத்திரம் ஜாஸ்தியா தெரியும்ல" என்றாள். வானத்துப் படம் போட்ட பெரிய புத்தகம் ஒன்று இன்றைக்கும் அவள் கீரைக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது. ஈரம் படாமல் பார்த்துக்கொள்கிறாள்.

எப்போதும் ஜெயித்தாள் என்று சொன்னால் பொய். கரண்டு போனால் தூங்கிவிடும் பன்னீர்செல்வத்துக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், சோழர் காலத்து ஏரிகளைப் பற்றி எழுநூறு பக்கத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "நல்ல புக்கு, தலைக்கு சரியான ஒசரம்" என்று அவர் வழியில் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்வார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தோல்வி. சிரிக்க முடியாத தோல்வி ஒன்று உண்டு. அது சொந்த அக்கா வீட்டில் நடந்தது.

அக்கா ரேணுகாம்பாள் ஸ்வர்ணலதாவைவிட ஒன்பது வயது மூத்தவள், இருப்பது மூன்று தெரு தள்ளி. அவளுக்கு ஒரே பெண், பானுப்ரியா. சின்ன வயதில் கரண்டு போனால் அந்தப் பெண் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டு, இருக்கிற வெளிச்சத்தில் கதைப் புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்திருப்பாள். சித்தி வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள், பையைத்தான் பார்ப்பாள். ஸ்வர்ணலதாவுக்கு ஒரே பையன், அவனுக்குப் புத்தகம் என்றாலே கொட்டாவி வரும். அதனால் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவளுக்குப் பானு வீடுதான்.

எட்டு வருடத்துக்கு முன் பானுவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். சித்தி வீட்டுச் சீர்த்தட்டில் வெள்ளிக் குங்குமச் சிமிழும் புடவையும் வைத்தாள். நடுவில் ஒரு நாவலையும் வைத்தாள். 'பிரிவுக்குப் பின் பெய்த மழை' என்று பெயர். யாரோ சொன்ன பொய்யால் பிரிந்த இருவர் ஐம்பது வயதில் ஒரு பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கும்போது சந்தித்துச் சேருகிற கதை. படித்துவிட்டு இரண்டு நாள் ஸ்வர்ணலதா தானாகச் சிரித்துக்கொண்டு திரிந்தாள், அவ்வளவு சந்தோஷமான புத்தகம். பானு இதைப் படித்துவிட்டு மறுவீட்டுக்கு வரும்போது என்ன சொல்வாள் என்பதுதான் அவள் நினைப்பெல்லாம். அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை. ஆயிரம் தடவை பார்த்திருப்பாள், ஆனால் பார்க்கவில்லை.

சீர் வைப்பவர் பெயரையும் சீரையும் மண்டபத்தில் மைக்கில் சொல்வது வழக்கம். "சித்தி ஸ்வர்ணலதா சந்திரமோகன் தம்பதியர், வெள்ளிச் சிமிழ் ஒண்ணு, பட்டுப்புடவை ஒண்ணு, புத்தகம் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் விட்டிருக்கலாம். ஆர்வக் கோளாறு, புத்தகத்தைத் தூக்கிப் பெயரையும் படித்தார். "பிரிவுக்குப் பின்" என்று படித்த பிறகுதான் அவருக்கே என்ன படிக்கிறோம் என்று தெரிந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டார். மழை பெய்யவே இல்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது 'பிரிவுக்குப் பின்' மட்டும்தான்.

பதினாலாம் மாதம் மாப்பிள்ளை பெங்களூருக்கு வேலைக்குப் போனார். போனவர் திரும்பவில்லை, வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது.

அக்கா சண்டை போட்டிருந்தால் தேவலை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடிக்குப் படவேடு கோயிலுக்குப் போகும்போது கூப்பிடவில்லை, பொங்கலுக்குப் பானை வைக்கும்போது கூப்பிடவில்லை. மார்க்கெட்டில் எதிரே வந்தால் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். ஸ்வர்ணலதாவுக்கும் ரோஷம் குறைவா? இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. "தலைப்ப பாத்து ஒருத்தி வாழ்க்க போவும்னா, ஊர்ல இருக்கற லைப்ரரிக்கெல்லாம் போலீஸ் காவல் போடணும்" என்று சந்திரமோகனிடம் பொரிந்தாள். அவளும் போகவில்லை. ஆனால் பானுவும் வராமல் இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. புதுப் புத்தகக் கட்டு வந்து பிரிக்கும்போதெல்லாம் இது பானுவுக்கு என்று ஒன்றைக் கை தனியாக எடுத்து வைக்கும். பிறகு அவளே அதை எடுத்து அலமாரியில் சொருகுவாள்.

இப்படி ஏழு வருடம் போன பிறகு, போன ஐப்பசியில், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் கடைக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் காய்ந்த முகம். கண்ணமங்கலம் பக்கம் கிராமம், பேர் அருள்ராஜ் என்றார். வாசலிலேயே நிற்கிற கூச்சம்.

"நிச்சயம் ஆயிருக்குது மேடம். வர்ற தையில கல்யாணம். தீபாவளிக்கு அவங்களுக்கு எதுனா குடுக்கணும். புடவ எடுக்கலாம்னு பாத்தா, அவங்க வேலையே பட்டுப்புடவைல. கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதையாயிடும்."

"அதுக்கின்னா, புக்கு குடுங்க" என்று அவரை அலமாரிப் பக்கம் வளைத்தாள் ஸ்வர்ணலதா. "செரி, கரண்டு போனா அவங்க இன்னா பண்ணுவாங்க?"

அருள்ராஜ் சிரித்துவிட்டார். "எனக்கு போன் பண்ணுவாங்க."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நான் ஈபில வயர்மேன் மேடம். அவங்க கம்ப்யூட்டர்ல புடவ பார்டருக்கு டிசைன் போடறவங்க. சேவ் பண்றதுக்குள்ள கரண்டு போயிடுதுன்னு மொத தடவ போன் பண்ணி திட்டுனாங்க. அப்புறம் கரண்டு போவறப்பல்லாம் திட்டுனாங்க." ஹெல்மெட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். "அப்புறம் கரண்டு இருக்கறப்பவும் போன் வந்துது."

பத்து வருடத்தில் அவள் கேள்வியைத் தோற்கடித்த முதல் ஆள். வாய்விட்டுச் சிரித்தாள், இந்த ஆளுக்குக் கடையிலேயே நல்லதாக எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். "படிக்கற பழக்கம் இருக்குதா அவங்களுக்கு?"

"முன்ன நெறைய படிப்பேன்னாங்க. இப்ப ஏழு வருஷமா தொடல. ஏன்னு கேட்டா, 'புக்கு எனக்கு ராசியில்ல'ன்றாங்க."

ஸ்வர்ணலதாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பார்சல் மேல் எழுதுவதற்குக் கேட்கிற மாதிரி, "பேரு?" என்றாள்.

"பானுப்ரியா."

பேனாவை மேசை மேல் வைத்தாள். கடைக்காரி கேட்கக்கூடாத கேள்வியாக, "அவங்க வூட்ல ஒத்துகினாங்களா?" என்று கேட்டாள்.

அருள்ராஜ் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "லேசுல இல்ல மேடம். நாங்க வேற ஆளுங்க. அவங்க அம்மா மூணு மாசம் என் பேச்சே எடுக்கக்கூடாதுன்னுட்டாங்க. ஒருநா அவங்க தெருவுல போஸ்டு மேல ஏறி வேல பாத்துகினு இருந்தேன். கீழ பாத்தா அந்தம்மா நிக்கறாங்க. நான் எறங்கற வரைக்கும் மேலயே பாத்துகினு நின்னாங்க. எறங்கனதும் 'சாப்ட்டியா'ன்னாங்க. அவ்ளோதான்."

அக்கா அப்படித்தான். நான் பானுவின் சித்தி என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த மனுஷன் என்ன நினைப்பார், அக்கா என்ன நினைப்பாள், ஆகிற கல்யாணத்தில் மறுபடி என் நிழல் விழுந்தது என்று பேச்சு வருமோ என்று ஆயிரம் ஓடியது. அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதுவரை அவளுக்கு வாடிக்கையாளர் முகம்தான் முதலில் தெரியும், பிறகு கை தானாகப் போகும். அன்றைக்கு மைக் பிடித்த அந்த மனிதர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பெயராக வாசிக்கிற மாதிரி இருந்தது. நல்ல நாவல் ஒன்று, பெயரில் 'கடைசி' இருந்தது. வேண்டாம். பயணப் புத்தகம் ஒன்று, 'திரும்பாத பாதை'. ஐயோ. சிறுவர் கதை என்றால் காணாமல் போன நாய்க்குட்டி. சமையல் புத்தகத்தில்கூட 'நோய்' என்று வந்து தொலைத்திருந்தது. உலகத்தில் நல்லது நடந்ததை ஒருத்தன்கூட எழுதவில்லையா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. சகுனம் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்தே பழகியவள், ஜோசியக்காரி மாதிரி அலமாரி முன்னால் நின்றாள்.

கடைசியில் கீழ்த்தட்டில் ஒன்று அகப்பட்டது. 'மங்கலக் கோலங்கள் நூற்றெட்டு'. எந்த மைக்கில் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

"டிசைன் போடறவங்களாச்சே, உபயோகமா இருக்கும்" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"புடிக்குங்களா அவங்களுக்கு?"

"புடிக்கும்."

வழக்கம்போல் சிவப்புத் தாளில் சுற்றி, ரிப்பன் போடாமல், வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூலை நாலாக மடித்து, அறுந்த பாவு நூலைச் சேர்க்கும் சின்ன முடிச்சு ஒன்று போட்டுக் கொடுத்தாள். அருள்ராஜ் அதை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். ஊருக்கெல்லாம் ஆளைப் பார்த்து எடுத்துக் கொடுத்தவள், இன்றைக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்துக் கொடுத்தாள். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. சாயந்தரம் சந்திரமோகன் வந்து, "இன்னா, மூஞ்சி இப்பிடி கீது?" என்று கேட்டதற்கு, "கோலம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்த மனுஷனுக்கு என்ன புரியும்?

தீபாவளி முடிந்த மறுநாள் காலை கடை திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். அருள்ராஜ் வந்து நின்றார். கையில் அதே சிவப்புப் பார்சல், அதே பட்டு நூல் கட்டு. முடிச்சும் அதேதான், ஆனால் அவள் போட்டதல்ல. அவள் இடப்பக்கம் இழுத்து முடிப்பாள், இது வலப்பக்கம் இழுத்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. இத மாத்தித் தரச் சொன்னாங்க."

"ஏன், புடிக்கலியாமா?" என்றாள் வறட்டுக் குரலில்.

"கட்ட பாத்ததுமே எந்தக் கடைன்னாங்க. சொன்னேன். அப்புறம் ஜல்தி ஜல்தியா பிரிச்சாங்க. கோல புக்க பாத்ததும் சிரிச்சாங்க. சிரிச்சிகினே அழுதுட்டாங்க. எனக்கு பேஜாராப் போச்சு, இன்னா பண்றதுனே தெரியல." அவர் குரல் தணிந்தது. "அப்புறம் எல்லாத்தையும் சொன்னாங்க. அம்மா பேசாததால சித்திக்கு எம்மேலயும் கோவம்னு நெனச்சிகினு இருந்தேன்னாங்க. நீங்க அவங்க சித்தின்னு எனக்குத் தெரியாதுங்க, தெரிஞ்சிருந்தா அன்னிக்கே..."

"அவ இன்னா சொன்னா?"

"'இது சித்தி எடுத்தது இல்ல. சித்தி பயந்துகினு எடுத்தது. பேரு பாக்காம எடுத்துத் தரச் சொல்லு.' இப்பிடியே சொல்லச் சொன்னாங்க."

ஸ்வர்ணலதா அழுதாள். கடையில் நின்று, காந்தி ரோட்டில் போகிற வருகிறவர்கள் பார்க்க, முந்தானையால்கூட மறைத்துக்கொள்ளாமல் அழுதாள். ஏழு வருடமாகப் பானு தன்மேல் கோபமாக இருக்கிறாள் என்றே நினைத்திருந்தாள். அந்தப் பெண்ணும் அங்கே இதே மாதிரி, சித்திக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். மூன்று தெருவைத் தாண்ட இரண்டு பேருக்கும் கால் வரவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அலமாரிப் பக்கம் போகவில்லை. கல்லா மேசைக்குக் கீழே, அவள் படிப்பதற்கென்று வைத்திருக்கும் இடத்தில் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். மலைக்கிராமம் ஒன்றுக்கு முதன்முதலாக மின்கம்பம் நடப் போன ஆட்களைப் பற்றிய நாவல் அது. அதில் ஒருத்தன் கம்பத்திலிருந்து விழுவான். பிழைத்து எழுந்து ஆறு மாதம் கழித்து மறுபடி ஏறுவான். அவன் பெண்டாட்டி கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் நாலு பக்கம் வரும். கம்பம் ஏறுகிற ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், தினமும் சாயந்தரம் அவன் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்காரப் போகிறவள், அந்த நாலு பக்கத்தைப் படிக்க வேண்டும். கூட இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். அந்த நாவலின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. கல்யாண மண்டபத்தில் எவன் வாசித்தாலும் ஐயர் எழுந்து போய்விடுவார், அப்படிப்பட்ட பெயர்.

தாளில் சுற்றவில்லை. அப்படியே கையில் எடுத்துக்கொண்டாள். ஷட்டரைப் பாதி இறக்கி, பக்கத்துப் பாத்திரக்கடை ஜெயவேலிடம், "அண்ணே, கொஞ்சம் பாத்துக்கோங்க, அக்கா வூட்டுக்கு போயிட்டு வந்துடறேன்" என்றாள். அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை நாள் ஆயிற்று. ஜெயவேலுக்கும் விஷயம் தெரியும். தலையை ஆட்டினார்.

"உக்காருங்க சித்தி" என்றார் அருள்ராஜ், வண்டியை உதைத்துக்கொண்டே. மேடம் என்றுதான் அதுவரை கூப்பிட்டிருந்தார்.

மூன்று தெரு என்றால் வண்டியில் எவ்வளவு நேரம்? வழி இன்னும் கொஞ்சம் தூரமாக இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள். அக்கா வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் பானுவின் முதுகு தெரிந்தது. பின்னலைக் கத்தரித்துத் தோள்வரை விட்டிருந்தாள். ஓரத்தில் இரண்டு நரை. வண்டிச் சத்தம் கேட்டுப் பானு திரும்பினாள். எழுந்து வந்து, பழைய வழக்கப்படி முதலில் சித்தியின் கையைத்தான் பார்த்தாள். புத்தகத்தை வாங்கிக்கொண்டு, அட்டையைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் சித்தியைக் கட்டிக்கொண்டாள்.

சமையலறைப் பக்கமிருந்து ரேணுகாம்பாள் வந்தாள். கையில் பாதி ஆய்ந்த முருங்கைக்கீரைக் கொத்து. தங்கையைப் பார்த்தாள். பெண்ணைப் பார்த்தாள். அருள்ராஜ் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் தவித்தார்.

"இன்னா புக்கு?" என்றாள் அக்கா. ஏழு வருடத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை.

பானு அட்டையைத் துப்பட்டாவுக்குள் மறைக்கப் பார்த்தாள். ஸ்வர்ணலதா அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பெயரை முழுசாக, ஓர் எழுத்து விடாமல் சொன்னாள். மைக் பிடித்தவர் மாதிரி பாதியில் நிறுத்தவில்லை.

அக்கா கீரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ படிச்சியா?"

"படிச்சிட்டேன்."

"நல்லா கீதா?"

"நல்லா இருக்குதுக்கா."

"முழுசா படிச்சியா, கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும் படிச்சேன். ரெண்டு தடவ."

"செரி, அவளே வச்சிக்கட்டும்." அக்கா அருள்ராஜைப் பார்த்து, "நீ இன்னா வெளிய நிக்கற, உள்ள வா" என்றாள். பிறகு தங்கையின் வெறுங்கையைப் பார்த்தாள். "அவளுக்கு எடுத்துகினு வந்த. ஊருல கீர விக்கறவளுக்குக்கூட நீதான் எடுத்துக் குடுத்தியாம், காத்தாயி சொல்லி சொல்லி மாஞ்சி போறா. எனக்கு ஒண்ணும் இல்லியா?"

பத்து வருடமாக ஸ்வர்ணலதா ஊரில் யார் யாருக்கோ எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அக்காவுக்கு ஒன்று எடுக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த முகம். சமைப்பாள், அதட்டுவாள், கோயிலுக்குப் போவாள், கேலண்டரில் நல்ல நேரம் பார்ப்பாள். அதற்குமேல் அக்காவுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கண்ணை நிமிர்த்தாமல், "உனக்கு இன்னா புடிக்கும்கா?" என்று கேட்டாள்.

ரேணுகாம்பாள் கீரைக் கொத்தில் பாதியைப் பிரித்துத் தங்கையின் கையில் வைத்தாள்.

"வாசல்ல நின்னுகினே கேப்பியா?" என்றாள். "உள்ள வந்து உக்காந்து கேளு."